கொளுக்கி

ஐந்தே முக்காலுக்கு
மாங்குளத்துப் பூங்காவில் ஆள் குறைவு.
கச்சான் வண்டில்காரர் அடுப்பை அணைத்திருப்பார்,
ஊஞ்சல் தன்பாட்டில் ஓய்ந்துகொண்டிருக்கும்.
அந்த நேரம்தான் நான்
சீமெந்தின் கழுத்துப் பட்டியிலிருந்து
கொளுக்கியைக் கழற்றுவேன்.

சீமெந்து என் நாய்.
வீடு கட்டிய வருடம் மூட்டைகளுக்கிடையில் கிடந்தது,
நிறமும் அதுதான், பெயரும் அதுதான்.
எதிரே வருபவர் காலைப் பின்வைத்தால்
சொல்வதற்கு ஒரு வசனம் வைத்திருந்தேன்:
"பயப்பிடாதேங்கோ, இது ஒண்டும் செய்யாது."
நாய் வளர்க்கிற எல்லோருக்கும் தெரிந்த வசனம்.
நாயைத் தவிர.

மாசிக் கடைசி.
வேலியோர வீரைமரத்தடியில்
பாதையின் நடுவே நின்றது நரி.
ஓடவில்லை.
நரி என்றால் ஓடும், நாங்கள் அறிந்த நரி அதுதான்.
இது முதுகை வளைத்து, வாலைத் தாழ்த்தி,
நாங்கள் ஓரடி வைத்தால் தானும் ஓரடி வைத்து,
படலையில் நிற்கும் ஒருத்தி
வந்தவனை உள்ளே விடாமல் கதைத்து அனுப்புவதுபோல
எங்களைத் திருப்பப் பார்த்தது.

மடி கனத்துத் தொங்கியதைக் கண்டேன்.
கண்டேன் என்பதைப்
பிறகுதான் ஒத்துக்கொண்டேன்.

சீமெந்து பாய்ந்தது.
கூப்பிட்டேன்.
சொல் கேட்கிற நாய் அது,
கையில் பிஸ்கட் இருந்தால்.
பற்றைக்குள் ஒரு சத்தம்.
அதற்குள்ளே இன்னொன்று, மிகச் சின்னது.
இடது காது கிழிந்து வந்தது என் நாய்,
வாயில் கொஞ்சம் செம்பட்டை மயிர்.

அந்தப் பற்றைக்குக் கீழே பழைய பங்கர்.
பூங்கா போட்டபோது மண் தள்ளி மூடினார்கள்,
மாரி ஒருபக்கத்து வாயைத் திறந்துவிட்டது.
பனங்குற்றி உக்கிய இருட்டில்
குட்டிகளை அணைத்துக்கொண்டு ஒருத்தி
மேலே நடப்பவரின் காலடியை எண்ணியிருக்கிறாள்.
இதற்குமேல் அந்த வரியை நான் நீட்டமாட்டேன்.
அது எப்படி என்று
இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

விடிந்ததும் சந்தியெல்லாம் ஒரே கதை.
"பூங்காவில நரி ஆக்களைத் துரத்துதாம்,
வினோதராசாவின்ரை நாயைக் கடிச்சுப்போட்டுதாம்."
வினோதராசா நான்தான்.

பிரதேச சபையில் ஆறு பேர் கூடினோம்.
கோழிக்குடலில் மருந்து வைக்கலாம் என்றார் நல்லரத்தினம்,
செலவு தன்னுடையது என்றார்.
வனசீவராசிக்காரரின் ஜீப்
திருத்தத்துக்குப் போயிருந்தது.
மிருக வைத்தியர் சகாயராணி மட்டும்
என் பக்கம் திரும்பினார்:
"நாய் சங்கிலியில நிண்டதோ?"

காற்சட்டைப் பையில் சங்கிலி கனத்தது.
ஒரு 'ஓம்' போதும்.
நரிக்குச் சாட்சி சொல்ல ஆர் வரப்போகிறார்கள்?
"ஊசி போட்ட அட்டை?"
போன ஆவணியோடு முடிந்த அட்டை.
"அப்ப உங்கடை நாயின்ரை வாயில என்ன இருந்துதோ,
அது இப்ப அந்தக் குட்டியளிட்டையும் இருக்கலாம்."

"கழட்டிவிட்டது நான்," என்றேன்.

"அதுக்கென்ன தம்பி, நரிதானே,"
என்றார் நல்லரத்தினம்.
எனக்கு உதவி செய்வதாக நினைத்திருந்தார்.

மருந்து வைக்கவில்லை. அவ்வளவுதான் முடிவு.
வீரைமரத்துக்கு இந்தப் பக்கம்
சபை ஒரு சிவப்புக் கயிறு கட்டியது,
இரண்டாம் நாளே யாரோ உடுப்புக் காயப்போட
அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.
நாங்கள் இப்போது குளக்கட்டால் சுற்றிப் போகிறோம்.
சீமெந்து இழுக்கும். உள்ளங்கையில் தடம்.

நேற்று, வங்கி முகாமையாளரின் அல்சேஷன்
சும்மா ஓடி வந்தது.
"இது ஒண்டும் செய்யாது!"
தூரத்திலிருந்தே கத்தினார்.
அந்தக் குரல் எனக்குத் தெரியும்,
எத்தனை பின்னேரம் அது என்னுடையது.
பையிலிருந்த மேலதிகச் சங்கிலியை எடுத்து
அவரிடம் நீட்டினேன்.
அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
வாங்கவில்லை இன்னும்.

வீரைமரத்துப் பக்கம் பற்றை அசைந்தது.
காற்றாகவும் இருக்கலாம்.
என் நாயின் கொளுக்கியை
ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.